சுவரேறும் சணலிலை

ஜப்பானின் ஹகோனேயில், பல நிற மரங்களை ஒட்டிக் கடைந்த யோசெகிக் கிண்ணம் ஒன்று கைக்கு வந்தால், அதை மேசைமேல் வைத்து, நடுவுக்கு நேர் மேலே கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆறு முனை விரித்த சணலிலை வடிவங்கள் ஒன்றையொன்று தொட்டபடி, அடியிலிருந்து விளிம்புவரை ஒரே அளவில் பரந்து கிடக்கும். கிண்ணம் குழிந்திருப்பதையே கண் மறந்துவிடும். இப்போது தலையை மெல்லச் சாயுங்கள். அடியில் இருக்கும் இலைகள் அப்படியே இருக்க, சுவரில் இருப்பவை மட்டும் நீளத் தொடங்கும். விளிம்பை நெருங்க நெருங்க முனைகள் கூர்ந்து, இலை என்பதே மறைந்து, ஒல்லியான தீநாக்குகளாக மேலே ஏறும். ஒரே கிண்ணம், ஒரே கோலம். மேலிருந்து பார்த்தவருக்கு அமைதியாகவும் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கு வேகமாகவும் அது தெரிகிறது.

சுவரில் யாரும் இலைகளை நீட்டி வரையவில்லை. யோசெகியின் நயமே இங்கேதான் இருக்கிறது. கடைசல் எந்திரத்தில் ஏற்றப்பட்ட கட்டை, பல நிறத்து மரக்குச்சிகளை நெருக்கிச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டியது. ஒவ்வொரு குச்சியும் அடி முதல் நுனி வரை ஒரே வடிவம், ஒரே நிறம். அந்தக் கட்டையைக் கிடையாக எங்கே வெட்டினாலும் அதே சணலிலை தெரியும். சாய்வாக வெட்டினால் இலை சாய்ந்த திசையில் நீளும். எவ்வளவு நீளும் என்பதற்குத் துல்லியமான கணக்கு உண்டு. சுவர் தரையோடு 45 பாகை சாய்ந்த இடத்தில் இலை 1.4 மடங்கு நீள்கிறது. 60 பாகையில் இரண்டு மடங்கு. 80 பாகையில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மடங்கு. சுவர் முழுச் செங்குத்தாகிவிட்டால் இலையே இல்லை, குச்சிகளின் நெடுங்கோடுகள் மட்டும்தான். ஆக, கிண்ணத்தின் வளைவை முடிவு செய்பவர் கோலத்தின் ஒவ்வொரு இலைக்கும் அதன் நீளத்தையும் சேர்த்தே முடிவு செய்கிறார். வளைவில் சிறு தடுமாற்றம் வந்தால் விரலுக்குத் தெரிவதற்கு முன்பே கோலம் காட்டிக்கொடுத்துவிடும்.

நேர் மேலிருந்து பார்க்கும்போது கோலம் ஏன் கலையவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். அப்போது நம் பார்வை குச்சிகள் நிற்கும் திசையிலேயே இறங்குகிறது. சுவர் எவ்வளவு சரிந்திருந்தாலும், ஒவ்வொரு குச்சியும் தன் இடத்தைவிட்டு நகராமல் தன் முகத்தைத்தான் காட்டுகிறது. கடைசல்காரர் எடுத்தது கட்டையின் உயரத்தை மட்டுமே. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்க்கும்போது கிண்ணம் இன்னும் அழகாகத் தெரிகிறது. காரணம் தெரிந்தால் வியப்பு குறைந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. யோசெகி விஷயத்தில் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

கட்டையின் பிறப்பைப் பார்ப்போம். அங்கே வண்ணம் பூசுவதில்லை. வேண்டிய நிறத்துக்கு வேண்டிய மரத்தைத் தேடுகிறார்கள். வெள்ளைக்கு மிஸுகி, கொகேஷி பொம்மைகள் கடைவதும் இந்த மரத்தில்தான். மஞ்சளுக்கு நிகாகி, இதன் கட்டை கசப்பு மருந்து. ஹாஸே மரத்தின் வைரமும் மஞ்சள்தான், அதன் கனியிலிருந்து மெழுகுவத்திக்கு மெழுகு எடுத்தார்கள். சாம்பல் பூத்த பச்சைக்கு ஹோநோகி. சாமுராய்களின் வாளுறைகள் செய்த மென்மையான மரம் அது. பழுப்புக்குக் கோயில் தூண்களுக்குப் பேர்போன கெயாகி. ஊதா கடல் தாண்டி வருகிறது, தென் அமெரிக்காவின் பர்ப்பிள்ஹார்ட். அறுத்தவுடன் மங்கிய பழுப்பாக இருக்கும் இந்த மரம், காற்றும் வெளிச்சமும் பட்ட பிறகு ஊதாவாக மாறும். பல ஆண்டு வெயில் பட்டால் மீண்டும் பழுப்புக்கே போய்விடும். வாங்கிய அன்று பார்த்த நிறம் பேரன் காலத்தில் இருக்காது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. மரம் மரமாகத்தான் மூப்படைகிறது.

இந்த நிறங்களில் நான் அதிகம் மதிப்பது ஜிந்தாய் என்னும் கருஞ்சாம்பல். எரிமலைச் சாம்பலிலோ ஆற்றுப் படுகையிலோ பல நூறு ஆண்டுகள், சில சமயம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் புதைந்து கிடந்த மரத்தைத் தோண்டியெடுத்து அறுக்கிறார்கள். கட்சுரா மரம் அப்படிப் புதைந்தால் சாம்பல் நிறமாகிவிடும், கெயாகி புதைந்தால் பழுப்பு கருத்துப்போகும். ஒரு விரல்கடை அகலக் கிண்ணச் சுவரில், போன தலைமுறையில் வெட்டிய வெள்ளை மிஸுகியும் யாரும் நட்டு வளர்க்காத பழங்காலக் கட்சுராவும் ஒட்டி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிர்க்கோடு. மண் கொடுத்த அந்தக் கருமைக்குச் சாயத்தின் கருமை ஈடாகாது. சாயம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கறுக்கும். ஜிந்தாயில் வரிக்கு வரி கருமை ஏறி இறங்கும்.

மரங்கள் காய்ந்த பிறகு அவற்றைக் குச்சிகளாக இழைக்கிறார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு மர அச்சு உண்டு. அச்சின் பள்ளத்தில் குச்சியைக் கிடத்தி, மேலே துருத்தி நிற்பதை இழைப்புளியால் சீவி எடுத்துவிட்டால், அச்சில் உள்ள கோணம் குச்சிக்கு வந்துவிடுகிறது. சணலிலைக்கு வேண்டியது முக்கோணக் குச்சி: ஒரு கோணம் 120 பாகை, மற்ற இரண்டும் 30 பாகை. இலைகளின் நடுப்புள்ளியில் இந்த 30 பாகை முனைகள் பன்னிரண்டு கூடுகின்றன. பன்னிரண்டும் சேர்ந்தால்தான் 360 நிறையும். ஒவ்வொரு குச்சியும் கால் பாகை ஏமாற்றினால் கடைசியில் 3 பாகை இடைவெளி வாய் பிளந்து நிற்கும். பிசினால் அதை அடைக்கலாம், ஆனால் அடைத்தது தெரியும். நல்ல வேலையில் பன்னிரண்டு முனைகளும் ஒரே புள்ளியில் சென்று மறைவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு அகலமே இருக்காது.

ஒட்டிய குச்சிகளைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டுகிறார்கள். இரும்புப் பிடி இரண்டு பக்கத்தில்தான் அழுத்தும். கயிறு எல்லாப் பக்கமும் சமமாக நெருக்கும். முன்பு விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை, இப்போது செயற்கைப் பசை. காய்ந்த பின் அந்தக் கத்தையைத் துண்டுகளாக அறுத்து, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து ஒட்டினால் கோலம் பெருகும். அதை மறுபடி அறுத்து, மறுபடி சேர்த்தால் இன்னும் பெருகும். சதுரக் கட்டம், மீன்செதில், அம்பிறகு, ஆமையோடு, கடலலை என்று பரம்பரைக் கோலங்கள் பல இருக்கின்றன. எல்லாமே இந்த அறுத்தல் சேர்த்தலிலிருந்து வருகின்றன.

கட்டை தயாரான பிறகு அதன் முன்னே இரண்டு வழிகள்.

முதல் வழி இழைப்புளியின் வழி. அகலமான இழைப்புளியைக் கட்டையின் முகத்தில் வைத்து ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். ஜப்பானியத் தச்சர் இழைப்புளியைத் தள்ளுவதில்லை, தன்னை நோக்கி இழுப்பார். சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் கோலம் முழுவதும் ஒரு சீவலாகச் சுருண்டு வெளியே வருகிறது. அதற்குப் பெயர் ஸுகு. இஸ்திரி போட்டுச் சமப்படுத்தி, பெட்டிகள் மீதும் இழுப்பறைகள் மீதும் ஒட்டுகிறார்கள். தச்சுப் பட்டறையில் கூட்டித் தள்ளும் சீவல்தான் இங்கே சரக்கு. ரம்பத்தால் அறுத்திருந்தால் ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு மில்லிமீட்டர் போலத் தூளாகப் போயிருக்கும். இழைப்புளியில் துளியும் வீணில்லை: 3 சென்டிமீட்டர் கட்டையிலிருந்து கணக்குப்படி நூற்றைம்பது சீவல்கள், நூற்றைம்பதிலும் ஒரே கோலம். மெத்து மரமும் கடின மரமும் கலந்த முகத்தில் கிழியாமல் அந்தச் சீவலை எடுக்க அலகு எவ்வளவு கூராக இருக்க வேண்டும், கை எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பதைத் தச்சு தெரிந்தவர்கள் உணர்வார்கள்.

இரண்டாம் வழி கடைசலின் வழி. முழுக்கட்டையை எந்திரத்தில் ஏற்றிக் குடைகிறார்கள். அங்கே இதை முகு வேலை என்கிறார்கள். இங்கே சீவல் தரையில் விழுகிறது, மிஞ்சும் உடல்தான் சரக்கு. ஒரு கிண்ணத்துக்காகக் கட்டையில் பெரும்பகுதி சுருளாகவும் தூளாகவும் போய்விடும். எத்தனையோ நாள் பொருத்தி ஒட்டிய கோலத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது என்று மனம் பதைக்கலாம். ஆனால் சுவரேறும் சணலிலை இந்த வழியில்தான் கிடைக்கும். ஸுகு ஒட்டிய பெட்டியில் கோலம் எங்கும் தட்டை. அது நேர்த்தியான அலங்காரம். கடைந்த கிண்ணத்தில் கோலத்துக்கு ஆழம் உண்டு. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் தயங்காமல் கடைந்ததையே சொல்வேன்.

கடைசலில் பொருத்துகளுக்குச் சோதனையும் கடுமை. சரிவில் இலை இரண்டு மடங்கு நீளும்போது, சரிவுக்குக் குறுக்கே ஓடும் பசைக்கோடும் இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். தட்டையான பலகையில் கண்ணுக்குத் தப்பிய சோம்பல், கிண்ணத்தின் தோளில் பளிச்சென்று நிற்கும். பிறகு, தேய்ப்புத்தாள். கருமரத்தையும் வெள்ளை மரத்தையும் சேர்த்துத் தேய்த்தால் கருமரத்தின் தூள் வெள்ளையின் நுண்துளைகளில் போய் அப்பிக்கொள்ளும், வெள்ளை அழுக்கேறிவிடும். அதனால் தாளை நம்பாமல், உளியின் வெட்டிலேயே முகம் சுத்தமாக வரவேண்டும். ஜப்பானியக் கடைசல்காரர்கள் வளைந்த கொக்கி போன்ற உளிகளைத் தாங்களே உலையில் அடித்துக்கொள்வது வழக்கம். தன் கைக்கும் தன் வளைவுக்கும் பொருந்திய உளியைத் தானே செய்கிறவருக்குத்தான் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும்.

குச்சிகளை நிறுத்தாமல், மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடையாக அடுக்கி ஒட்டிய கட்டையையும் கடைவதுண்டு. அதன் குணம் நேர்மாறு. செங்குத்தான சுவரில் ஒவ்வொரு அடுக்கும் தன் உண்மையான தடிப்பில் மெல்லிய வளையமாகத் தெரியும். சுவர் படுக்கப் படுக்க வளையம் அகலும். தரையோடு 30 பாகை சாய்ந்த இடத்தில் இரண்டு மடங்கு. அடிக்கு வந்ததும் ஒரே அடுக்கு முழு வட்டமாக விரிந்துவிடும். நிறுத்திய குச்சி சுவரில் நீள்கிறது, படுத்த அடுக்கு அடியில் நீள்கிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, ஓரிடத்தில் அடங்குவதை இன்னோரிடத்தில் விரியவிடுவது தேர்ந்தவர் வேலை. ஒட்டும் நாளிலேயே கடைந்து முடித்த வளைவு மனதில் நிற்க வேண்டும். உளி வைத்த பிறகு திருத்த இடமில்லை.

இந்த வேலை வளர்ந்த ஹதாஜுகு, கனகாவா மாநிலத்தின் ஹகோனே மலைப்பாதையில் உள்ள சிற்றூர். எடோவையும் (இன்றைய தோக்கியோ) கியோத்தோவையும் இணைத்த தோக்காய்தோ பெருவழி, கல் பாவிய ஏற்றமாக அந்த ஊர் வழியே போயிற்று. ஏறிக் களைத்தவர்கள் அங்கே இளைப்பாறினார்கள். கையில் தூக்கிப்போகச் சிறிதாக ஏதாவது வாங்கினார்கள். சுற்றிலும் பலவகை மரம் நிறைந்த காடு. மலையில் கடைசல் வேலை 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. எடோ காலத்தின் பிற்பகுதியில் அவ்வூர் இஷிகாவா நிஹெய் (1790–1850) யோசெகியைத் தொடங்கிவைத்தார் என்பது அங்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரலாறு. தொடக்கத்தில் கோடுகளும் ஒழுங்கில்லாத துண்டுகளும்தான். இன்று நாம் பார்க்கும் நுணுக்கமான சிறு கோலங்கள் மெய்ஜி காலத் தொடக்கத்தில் ஷிஸுவோகா பக்கத்துத் தொழில்நுட்பம் வந்து சேர்ந்த பிறகு நிலைபெற்றன. 1984இல் ஜப்பான் அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது.

இதே எண்ணம் உலகின் மறுகோடியிலும் முளைத்தது. இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற நீரூற்று நகரத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல நிறக் குச்சிகளைக் கத்தையாக ஒட்டிக் கடைந்து ஊசிக்கூடுகளும் சிமிழ்களும் செய்தார்கள். அங்கும் இயற்கை நிறத்தின் மேல்தான் பற்று. பச்சைக்கு, ஒருவகைக் காளான் பற்றிப் பச்சை பாய்ந்த ஓக் மரத்தைக் காட்டில் பொறுக்கினார்கள். சாம்பல் நிறத்துக்கு, வெளிறிய மரத்தை ஊரின் இரும்புச் சத்துள்ள ஊற்றுநீரிலேயே ஊறவைத்தார்கள். உடல்நலம் தேடி அந்தத் தண்ணீரைக் குடிக்க வந்தவர்கள், அதே தண்ணீரில் நிறமேறிய மரச்சிமிழை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அங்கு கோலங்கள் மலர்க்கொத்தாகவும் கோட்டையாகவும் படமாகிப்போன போது எனக்கு ஆர்வம் குறைந்துவிடுகிறது. குச்சிகள் குச்சிகளாகவே நின்ற தொடக்க காலக் கடைசல்தான் கண்ணை நிறுத்துகிறது.

இன்றைய கடைசல்காரர்களிடம் உள்ள ஒரு நுட்பத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேனா கடைபவர்கள் இதைக் கெல்டிக் முடிச்சு என்பார்கள். சதுரக் குச்சியை 45 பாகையில் சாய்வாக அறுத்து, வெட்டின் நடுவே வேறு நிற வெனீர்த் தகட்டை வைத்து ஒட்டுகிறார்கள். குச்சியைக் கால் சுற்று திருப்பி மறுபடி அறுப்பு, மறுபடி தகடு. நான்கு பக்கமும் முடிந்ததும் உருளையாகக் கடைகிறார்கள். உருளையைச் சாய்வாக வெட்டிய தளம் அதன் மேல் நீள்வட்டமாகத் தெரியும். நான்கு நீள்வட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவி, சிக்குக் கோலத்தின் இழைகள் போல் மேலும் கீழும் போய்ப் பின்னிக்கொள்கின்றன. வளைகோடு ஒன்றைக்கூட யாரும் வெட்டவில்லை, எல்லா அறுப்பும் நேர் அறுப்பு. வளைவு கடைசலிலிருந்து வருகிறது. இதில் ஒரு கண்டிப்பு உண்டு: தகட்டின் தடிப்பு ரம்பம் தின்ற வழியின் தடிப்புக்குச் சரியாக இருக்க வேண்டும். மெல்லியதாகப் போனால் அறுபட்ட இரு பாதிகளும் நெருங்கி, முன்பு வைத்த தகடுகளின் கோடு இடம் மாறிவிடும். பின்னல் கண்ணெதிரே உடையும். மரத்திலிருந்து எடுத்த அளவையே மரத்துக்குத் திருப்பித் தர வேண்டும். அலங்காரத் தகடு ஒன்று இத்தனை பொறுப்போடு உட்கார்ந்திருப்பதை வேறு எந்த வேலையிலும் நான் பார்த்ததில்லை.

ஹகோனே என்றால் உலகம் அறிந்தது ரகசியப் பெட்டி. பக்கங்களை வரிசை தவறாமல் நகர்த்தினால் திறக்கும் விளையாட்டு. அந்த வரிசையைப் புகழாதவர் இல்லை. ஆனால் அதைத் திறந்தவுடன் புதிர் முடிந்துவிடுகிறது. கடைந்த கிண்ணமோ ஒவ்வொரு சாய்விலும் வேறு முகம் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் தோக்கியோவுக்கும் ஹகோனேக்கும் இடையே பல்கலைக்கழக மாணவர்கள் ஓடும் ஹகோனே எகிடென் தொடர் ஓட்டத்தில், முதல் நாள் மலையேறி முந்தி வரும் அணிக்கு யோசெகியில் செய்த கோப்பையைத் தருகிறார்கள். ஓட்டத்தை விரும்பிப் பார்க்கும் நாட்டில் பொன்னையும் வெள்ளியையும் விட்டு உள்ளூர் மரத்தை நிமிர்த்தியது நல்ல முடிவு.

கடைசியாக, வாங்குவோருக்கு ஒரு சொல். கிண்ணமோ தட்டோ கையில் எடுத்ததும் விளிம்பைப் பாருங்கள். வெளிச்சுவரில் மேலேறி வரும் கருங்குச்சி விளிம்பின் தடிப்பைக் கடந்து உட்சுவரிலும் அதே அகலத்தில் இறங்கினால், அது முழுக்கட்டையில் கடைந்தது. விளிம்பில் வேறு மரம் தெரிந்தால் ஸுகு ஒட்டியது. அதுவும் நேர்மையான வேலைதான், அதற்குரிய விலையைக் கொடுக்கலாம். கோலம் அச்சிட்ட தாளை ஒட்டிய மலிவுச் சாமானில், சுவர் எவ்வளவு சரிந்தாலும் இலை நீளாது.